இரண்டாவது காவடி

மாமா,

இன்று காலை உங்கள் பீரோவின் அடித்தட்டைத் துடைக்கப் போனேன். கம்பளிக்குப் பின்னால் ஏதோ கையில் தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் ரம் பாட்டில், கால்வாசி மிச்சத்தோடு. அரிசி டிரம், பரண், மோட்டார் ரூம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்து என்று நீங்கள் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னை ஏமாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். பட்டாளத்து கேன்டீனுக்குப் போய்ச் சரக்கு வாங்கி வந்த அன்று சாயங்காலம் உங்கள் மேல் வீசும் அதே வாடை. "முட்டி வலிக்குத் தேய்ச்சிகினேம்மா" என்பீர்கள். "முட்டியில தேய்ச்சா வாயில எப்டி மாமா வாசன வருது?" என்று நான் கேட்டால், கொஞ்சமும் சிரிக்காமல், "முட்டி வழியா மேல ஏறுது" என்பீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போடவும், செருப்பைக் காணோம் என்றவர்களுக்குத் தேடிக் கொடுக்கவுமே நேரம் சரியாகப் போய்விட்டது. இன்று அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பீரோ முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

போன வாரம் ஆடிக் கிருத்திகை முடிந்தது. கன்னியம்மா பெரிம்மாவிடம் சொல்லிவிட்டேன், மாமா. வாழ்நாள் முழுக்க உங்களால் சொல்ல முடியாமல், கடைசியில் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, அதை அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்லி முடித்தேன். சொன்னாயா என்று கேட்க நீங்கள் இல்லை. இல்லாவிட்டால் என்ன? நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆர்.கே.பேட்டைப் பெண். விசைத்தறி வீடு. உங்கள் மகன் என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பத்துக்குத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணா என்று உங்கள் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நீங்கள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சத்தம்னா பயப்படுவியாம்மா?" நான் யோசிக்கவேயில்லை. "தறிச் சத்தத்துலயே பொறந்தவ நான். சத்தம் நின்னாத்தான் பயம்" என்றேன். "டீக் ஹை", சரி என்று பட்டாளத்து இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். நீங்கள் தூக்கத்தில் கத்துவீர்கள் என்பது கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஆள் இல்லை.

உங்களுக்குத் தூக்கம் வந்த ஒரே இடம் என் நைனாவின் தறிக்கூடம்தான். சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மூலையில் கிடந்த பழைய நூல் சாக்கின் மேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டீர்கள். நான்கு தறி ஓடுகிற இடத்தில் எங்கள் ஆட்களே காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு ஆனதும் டவுன் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குத் தூங்கப் போவதை வழக்கமாகவே வைத்துக்கொண்டீர்கள். "ஒங்க மாமனாருக்கு ஊட்ல கட்டில் இல்லியாமா?" என்று என் நைனா என்னைக் கிண்டல் பண்ணுவார். நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "அந்தச் சத்தத்துல வேற எதுவும் கேக்காதும்மா" என்றீர்கள். வேறு எது கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு பழக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனைக்குப் போய் நிற்பீர்கள். யாரோடும் பேச்சு கிடையாது. ஆட்டோ வரும், பஸ் வரும், மலையில் விளக்கு ஏறும், நீங்கள் நின்றுகொண்டே இருப்பீர்கள். நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் வருவீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியாது. "கொசுவுக்கு ரத்த தானம் பண்ணிட்டு வந்தாச்சா?" என்று கத்துவேன். "மெதுவா பேசும்மா, எதிரிக்குக் கேட்டுடும்" என்பீர்கள். நான் சிரிப்பேன். நீங்கள் சிரித்ததில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டீர்கள். குத்தகைக்காரர் நடவைப் பார்க்கக் கூப்பிட்டால் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வருவீர்கள். தண்ணீர் கட்டிய வயலில் நீங்கள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. "பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தவருக்குச் சேறுன்னா அசிங்கம்" என்று உங்கள் தங்கை என்னிடமே சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டு, ஷூ போட்ட காலுக்கு இவ்வளவு பவுசா என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வருஷம் முழுக்க. ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் நீங்கள் வேறு மனுஷன். மஞ்சள் வேட்டி, வெறும் மார்பு, நெற்றி நிறைய விபூதி. திருத்தணியில் அன்று காவடி எடுக்காத வீடு குறைவு. ஆந்திராவிலிருந்து வருகிற கூட்டமும் சேர்ந்து தெருவே மஞ்சளாக இருக்கும். எல்லாரும் ஒரு காவடி எடுத்தால் நீங்கள் இரண்டு எடுப்பீர்கள். விடிவதற்குள் உங்கள் காவடியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு இறங்கி வருவீர்கள். நான் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு, இரண்டாவதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் படி ஏறுவீர்கள். வயசான பிறகு உங்கள் காவடியை மட்டும் மலை பஸ்ஸில் கொண்டுபோனீர்கள். இரண்டாவது காவடி ஒரு வருஷம்கூட பஸ் ஏறியதில்லை. அது எத்திராஜின் காவடி.

எத்திராஜ், கே.ஜி.கண்டிகைக்காரர். உங்களோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். லீவு முடிந்து திரும்பும்போது அரக்கோணத்தில் ரயில் ஏறி, திருத்தணி மலை ஜன்னலில் தெரிகிற இடத்தில் இரண்டு பேரும் கும்பிட்டு வேண்டிக்கொண்டீர்களாம், நல்லபடியாகத் திரும்பி வந்தால் ஆளுக்கொரு காவடி என்று. பங்களாதேஷ் போரில் நீங்கள் திரும்பி வந்தீர்கள். அவர் காணாமல் போனவர் என்று தகவல் வந்தது. உடம்பு வரவில்லை. இவ்வளவும் ஊருக்கே தெரியும்.

அவர் மனைவி கன்னியம்மா பெரிம்மாவின் கதையும் ஊருக்குத் தெரியும். அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டாவது ஆடி. ஆடி போகட்டும், ஆவணியில் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவர் அண்ணன்மார் முடிவு பண்ணியிருந்தார்களாம். சோளிங்கர் பக்கம் ஒரு மாப்பிள்ளையைக்கூடப் பேசி வைத்திருந்தார்களாம். சின்ன வயசுப் பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்று அவர்களுக்குக் கவலை. அந்த வருஷக் கிருத்திகைக்கு பெரிம்மா மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் நீங்கள் இரண்டாவது காவடியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இது யாருக்கு என்று யாரோ கேட்க, "எத்திராஜுக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டீர்கள். நம் பக்கத்தில் செத்தவர் பேரில் யாரும் காவடி எடுப்பதில்லை. வேண்டுதல் என்பது உயிரோடு இருக்கிறவனுக்குத்தான். போரில் கூடவே இருந்த ஆள் காவடி எடுக்கிறான் என்றால் எத்திராஜ் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? பெரிம்மா அன்றைக்கே வீட்டுக்குப் போய் அண்ணன்மாரிடம் தாலியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பிற்பாடு சர்க்கார், இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபோதும், "சர்க்கார் சொன்னா செத்துடுவாரா?" என்று கேட்டுவிட்டு, பொட்டும் பூவுமாகவே இருந்துவிட்டார்.

வருஷா வருஷம் எத்திராஜின் காவடிக்குப் பூக் கட்டிக் கொண்டுவருவது பெரிம்மாதான். கே.ஜி.கண்டிகையிலிருந்து முதல் பஸ்ஸில் சாமந்திக் கூடையோடு இறங்குவார். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் அதைக் காவடியில் சுற்றுவீர்கள். இறங்கி வந்ததும் விபூதிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுப்பீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அது மரியாதை என்று தோன்றியது.

தை மாசம் கேன்டீனுக்குப் போக உங்களுக்குத் துணைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது அரக்கோணம் ஸ்டேஷனில் ரயில் லேட். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர் பிளாட்பாரத்தில் பட்டாளத்துப் பையன் ஒருவன் பெட்டி மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் ஏதோ சோப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் புகுந்தீர்கள்.

"எத்திராஜுக்கு வயித்துல பட்டுச்சும்மா."

சோப்பு வாங்கிய பில்லை மடித்துப் பையில் வைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினேன்.

"நெல்லு வயலு. நம்மூரு வயலு மாதிரியே சேறும் தண்ணியுமா. இழுத்துகினு போயி வரப்பு மேல படுக்க வச்சேன். என் பாட்டில்ல இருந்த தண்ணிய வாயில ஊத்தினேன். முன்னாடி போ, முன்னாடி போன்னு உத்தரவு வந்துகினே கீது. தோ வந்துடறேன்டான்னு சொன்னேன். 'சீக்கிரம் வாடா, இருட்டறதுக்குள்ள வந்துடு'ன்னான். போயிட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள்தான் திரும்ப முடிஞ்சுது. எந்த வயலுன்னே தெர்ல. எல்லா வரப்பும் ஒரே மாதிரி. ஒவ்வொரு வயலா எறங்கிக் கையால துழாவினேன். ஆளக் காணோம். செத்தத நீ பாத்தியான்னு ஆபீசர் கேட்டாரு. பாக்கல, உயிரோடதான் வுட்டுட்டு வந்தேன்னு சொன்னேன். காணாமப் போனவன்னு எழுதிட்டாங்க."

உங்கள் கை அப்போதும் எதையோ துழாவுகிற மாதிரி வேட்டியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மருமகள் மாமனார் கையைப் பிடிப்பதாவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

"கன்னியம்மா வந்து கேட்டா. நான் வர்றப்ப உயிரோடதான் இருந்தான்னு சொன்னேன். வயித்துல பட்டத சொல்லல. வந்துடறேன்னு சொன்னதயும் சொல்லல. சொன்னது பொய் இல்லியேம்மா?"

"காவடி எதுக்கு மாமா எடுத்தீங்க?"

"என்னுது மட்டும் எடுத்தா, அவன் வரமாட்டான்னு நானே முருகன்கிட்ட சொன்ன மாதிரி ஆயிடாதா? அந்தப் பொண்ணு அடிவாரத்துல நின்னுகினு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. நான் எடுத்தத பாத்து அது வாழ்க்கையே நின்னுப்போச்சு."

"அடுத்த வருஷம் நிறுத்தியிருக்கலாமே?"

"எப்ப நிறுத்தறது? எந்த வருஷம் நான் நிறுத்தறனோ அந்த வருஷம்தான் அவன் செத்த வருஷம்."

சாயங்காலம் தெருமுனையில் நீங்கள் எதற்கு நின்றீர்கள் என்று அப்போது புரிந்தது. கொசு, ரத்த தானம் என்று நான் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து அந்த பெஞ்சிலேயே எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் விடவில்லை. "என்னால ஆவலம்மா. நான் போனப்புறம் நீ போயி அதுகிட்ட சொல்லிடு" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா கீது மாமா ஒங்க நாயம்! நீங்க கட்டின மூட்டைய நான் போயி அவுக்கணுமா? வாய் இருக்குதில்ல, நீங்களே சொல்லுங்க" என்றேன். ரயில் வந்துவிட்டது. மகன் ரயில்வேயில் இருந்தும் நமக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம்.

பங்குனியில், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் விழுந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் கூட்டாளிகள், பழைய பட்டாளத்துக்காரர்கள், நான்கைந்து பேர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். உங்கள் மகன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவரிடம் பேசியதைவிட என்னிடம் பேசியது அதிகம் என்று அன்றுதான் சொன்னார். பெரிம்மாவும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, உங்கள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நம் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, ஒரு வருஷத்துக்குக் காவடி கிடையாது, மலை ஏறுவது கிடையாது. இந்த ஆடியில் இரண்டாவது காவடி தானாக நின்றுவிடும், பெரிம்மா தானாகப் புரிந்துகொள்வார், நான் போய் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. ஆடி பிறந்ததும் அவரே போன் பண்ணினார். "பூவு சொல்லி வச்சிட்டேம்மா. காவடி யாரு எடுக்கறது?" என்றார். நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே சமைத்தேன். உங்கள் படத்துக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை.

போனேன். பெரிம்மா கொட்டகையில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்து நிறைய மஞ்சள், நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். "பெரிம்மா, மாமா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிட்டுப் போனாரு" என்றேன்.

"சொல்லு."

வயிற்றில் பட்டதைச் சொன்னேன். நறுக்கிக்கொண்டே இருந்தார். வரப்பில் படுக்க வைத்ததைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். அரிவாள் நிற்கவில்லை. தோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னபோது நின்றது.

"அதுக்கு அவரு இன்னா சொன்னாராம்?"

இதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, உங்களால் விட முடியாமல் போனதும் இதுதானே என்று சொல்லிவிட்டேன். "சீக்கிரம் வாடா, இருட்டறதுக்குள்ள வந்துடுன்னாராம்."

பெரிம்மா சிரித்தார், மாமா. சத்தியமாகச் சிரித்தார். "அவருக்கு இருட்டுன்னா பயம்மா. பட்டாளத்துக்காரருன்னு பேரு. ராத்திரில கொல்லைக்குப் போறதுக்கு என்ன எழுப்பிகினு போவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதடின்னு சத்தியம் வாங்கினாரு. இத்தினி வருஷம் நான் யார்கிட்டயும் சொல்லல." சிரிப்பு முடிவதற்குள் அவர் முகம் கோணிக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மாடு தட்டுக்காகக் கத்தியது. எழுந்து போய் அதற்குப் போட்டுவிட்டு வந்து, பால் காய்ச்சி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "கிருத்திகைக்கு நான் எடுக்கறேன். ஒங்க ஊட்லதான தீட்டு? எங்க ஊட்ல ஒண்ணும் இல்லியே" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சொல்லியும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, இனி அந்த மனுஷியை யாராலும் மீட்க முடியாது, ஒரு காவடியைத் தூக்கி ஒரு பெண்ணை இப்படிக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று நினைத்தேன். அன்று பொழுது சாயும்போது எனக்கும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தெருமுனைக்குப் போய் நீங்கள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அது முதல் தினமும் கால் அங்கேதான் போகிறது.

கிருத்திகை அன்று மோர்ச் சொம்போடு அடிவாரத்தில் நின்றேன். ஏறக் கூடாது, நிற்கலாம். பெரிம்மா முதல் பஸ்ஸில் வந்தார். மஞ்சள் புடவை. கூடவே பேரன் முறையாகிற ஒருவர் இரண்டு காவடிகளைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார். இரண்டிலும் பூச் சுற்றியிருந்தது. ஒன்றை எடுத்துத் தோளில் வைத்து, "அரோகரா" என்று கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டார். வெயில் ஏறிய பிறகு இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. மோரைக் குடித்தார். இரண்டாவதை எடுக்கக் குனிந்தார்.

"பெரிம்மா, போதும். இது யாருக்கு?"

"ஒங்க மாமாவுக்கு."

"ஐயோ, போயிட்டவங்களுக்கு எடுக்கக் கூடாது பெரிம்மா."

"ஏன், ஒங்க மாமா எடுக்கலியா இத்தினி வருஷமா?"

சொல்லிவிட்டுக் காவடியைத் தோளுக்கு ஏற்றினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். கொட்டகையில் நான் சொன்ன பிறகு தெரிந்துகொண்டாரா, அதற்கு ரொம்ப முன்பே தெரியுமா? தெரிந்துதான் உங்களுக்காகப் பூக் கட்டிக்கொண்டு வந்தாரா, நீங்கள் நிறுத்த முடியாமல் தவிக்கிறீர்கள் என்று? நான்கைந்து படி போனதும் அவர் கால் தடுமாறியது. சொம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்று உங்கள் தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வந்தது வரட்டும் என்று ஏறினேன்.

மேலே காவடி இறக்குகிற மண்டபத்தில் அர்ச்சகர் பேர், நட்சத்திரம் கேட்டார். பெரிம்மா உங்கள் பேரைச் சத்தமாகச் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உங்கள் நட்சத்திரம் தெரியவில்லை, மாமா. ஒளித்து வைத்த பாட்டிலெல்லாம் தெரிந்தது, இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. "கிருத்திகைன்னே சொல்லிடுங்க சாமி, இன்னிக்கி அதான்" என்று பெரிம்மாவே சமாளித்தார்.

தூணில் சாய்ந்து உட்கார்ந்தோம். கால் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் ஒங்க தீட்டு போயிடும் இல்ல? என்னால முடியலன்னா நீ எடு. ரெண்டும்" என்றார். அரக்கோணம் பெஞ்சில் உங்களிடம் கத்திய அதே நான், "ஆங், எடுக்கறேன் பெரிம்மா" என்றேன். சொல்லிவிட்டேன், இனி அது என் தோளுக்குத்தான். நான் சொன்னால் செய்கிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும்.

"மூணாவதா எனக்குன்னு ஒண்ணு எடுத்துடாத. எனக்கு வேணாம். நான் நேர்லயே போயி கேட்டுக்கறேன்" என்றார்.

என்ன கேட்கப் போகிறார், யாரிடம் கேட்கப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. எத்திராஜிடம் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? உங்களிடம்தான் வருவார், மாமா. வயசாகிவிட்டது, ரொம்ப நாள் ஆகாது. அங்கேயும் தலையைக் குனிந்துகொண்டு விபூதிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு நழுவப் பார்க்காதீர்கள். அந்தத் தடவை சொல்வதற்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.